ஜெனரேட்டர் ஓடியது, தீயணைப்புப் பம்ப் ஓடவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினாறு மாடி அலுவலகக் கட்டடம். அடியில் இரண்டு வாகன நிறுத்தத் தளங்கள். அவற்றில் கீழ்த்தளத்தின் ஒரு மூலையில் தீயணைப்புப் பம்ப் அறை: 110 கிலோவாட் மின் மோட்டாரில் ஓடும் பிரதான பம்ப் ஒன்று, குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறிய ஜாக்கி பம்ப். டீசல் எஞ்சினில் ஓடும் மாற்றுப் பம்ப் கிடையாது. வெளி மின்சாரம் நின்றால் பம்புக்கு இருக்கும் ஒரே துணை, தரைத்தளத்தில் நிற்கும் 500 கேவிஏ ஜெனரேட்டர்.

கட்டடம் எழுந்தபோது அந்த ஜெனரேட்டருக்கு வேலை குறைவு. தீயணைப்புப் பம்ப், படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் காற்றழுத்தம் தரும் விசிறிகள், தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட், அவசர விளக்குகள் ஆகியவை மட்டுமே அதில் இணைந்திருந்தன. ஆண்டுகள் போகப் போக வாடகைக்கு வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. சர்வர் அறைக் குளிரூட்டிகள் சேர்ந்தன, பிறகு மற்ற லிஃப்ட்டுகள், இரண்டு மாடிகளின் முழு விளக்குகள். கடைசிக் கோரிக்கைக்கு ஒப்புதல் தந்த கணக்குத் தாளை, பின்னர் ஆய்வுக்கு அழைக்கப்பட்ட நாங்கள் பார்த்தோம். வழக்கமாக ஓடும் லோடு 215 கிலோவாட், புகைக் கட்டுப்பாட்டு விசிறிகள் 45, பம்பின் மோட்டார் எடுக்கும் மின்சாரம் 117. மொத்தம் 377. 500 கேவிஏ ஜெனரேட்டரின் திறன், கிலோவாட்டில், 400. கீழே "போதுமானது" என்று எழுதிக் கையெழுத்து. கூட்டலில் பிழை எதுவும் இல்லை.

பராமரிப்பிலும் அலட்சியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஜெனரேட்டரை வாரந்தோறும் பத்து நிமிடம் ஓட்டிப் பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். பம்பையும் வாரந்தோறும் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜெனரேட்டரை லோடு இல்லாமலும், பம்பை வெளி மின்சாரத்திலும்தான் ஓட்டினார்கள். ஜெனரேட்டரின் மின்சாரத்தில் பம்ப் ஓடியதற்கான ஒரு வரி, கட்டடத்தை ஒப்படைத்த காலத்துக் கோப்பிலும் இல்லை, அதற்குப் பிந்தைய பதிவேடுகளிலும் இல்லை.

அன்று இரவு

நள்ளிரவுக்குப் பிறகு வெளி மின்சாரம் நின்றது. காரணம் கட்டடத்துக்கு வெளியே. நடந்த தீக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்பதாவது விநாடியில் ஜெனரேட்டர் லோடு ஏற்றது. அந்த வேளையில் மூன்று மாடிகளில் இரவுப் பணியாளர்கள் இருந்தார்கள்.

மின்சாரம் நின்று ஆறாவது நிமிடம், ஒன்பதாம் மாடியில் காகிதக் கட்டுகள் அடுக்கிய ஓர் அறையில் புகை கண்டறியப்பட்டது. ஹூட்டர்கள் ஒலித்தன, புகைக் கட்டுப்பாட்டு விசிறிகள் ஓடத் தொடங்கின, ஆட்கள் படிக்கட்டில் இறங்கினார்கள். பதினோராவது நிமிடம், சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்களில் முதலாவது திறந்தது. குழாயில் அழுத்தம் இறங்கியது. ஜாக்கி பம்ப்பால் ஈடுகட்ட முடியவில்லை. பிரதான பம்ப் தானாகக் கிளம்ப வேண்டிய கட்டம் அதுதான்.

பம்ப் கிளம்ப முயன்றது. மோட்டார் சுழலத் தொடங்கும் முன்பே, அதற்கு மின்சாரம் இணைக்கும் மின்காந்த சுவிட்சான கான்டாக்டர் பிடி விட்டுவிட்டது. மீண்டும் பிடித்தது, மீண்டும் விட்டது. மூன்றாவது முறை ஜெனரேட்டரின் பிரதான பிரேக்கரே ட்ரிப் ஆகிவிட, பம்போடு சேர்த்துக் கட்டடம் முழுதும் இருண்டது. ஜெனரேட்டர் எஞ்சின் மட்டும் எந்த லோடும் இல்லாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. காவலர் அதன் சத்தத்தைக் கேட்டு, ஜெனரேட்டர் நன்றாக இருக்கிறது என்றே தீயணைப்புத் துறையினரிடம் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஜெனரேட்டர் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

தீயணைப்பு வீரர்கள் தங்கள் வண்டியின் பம்பை வெளிச்சுவரில் உள்ள இணைப்பில் பொருத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். அதற்குள் திறந்திருந்த இரண்டு ஸ்பிரிங்ளர்களுக்கும் தண்ணீர் கிடைத்துத் தீ அந்த அறையோடு அடங்கியது. விசிறிகள் நின்றிருந்ததால் படிக்கட்டின் சில தளங்களில் புகை புகுந்திருந்தது. இருவருக்கு மூச்சுத்திணறல், மருத்துவமனையில் பார்த்து அன்றே வீடு திரும்பினார்கள். உயிரிழப்பு இல்லை. படிக்கட்டு விளக்குகளுக்குள் தனித்தனி பேட்டரி இருந்ததால் இறங்கியவர்களுக்கு வெளிச்சம் மட்டும் கடைசிவரை இருந்தது.

பதிவுகளைப் படித்தது

கட்டட உரிமையாளர் தரப்பு எங்களை அழைத்தது இதற்குப் பிறகுதான். முதல் வேலையாக மூன்று பதிவுகளை எடுத்தோம்: ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்ப் கண்ட்ரோலர், தீ எச்சரிக்கை பேனல். மூன்றின் கடிகாரங்களும் மூன்று நேரம் காட்டின. ஒன்றுக்கொன்று கால் மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். அப்படியே படித்தால் தீ பிடிக்கும் முன்பே பம்ப் கிளம்ப முயன்றதாக வரும். மின்சாரம் நின்ற கணம் மூன்றிலும் ஏதோ ஒரு வடிவில் பதிந்திருந்தது. அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு மற்ற நேரங்களைத் திருத்தினோம். மேலே சொன்ன நிமிடக் கணக்கெல்லாம் அப்படிக் கிடைத்ததுதான்.

தீ எச்சரிக்கை பேனலின் பதிவில் நாங்கள் எதிர்பாராத ஒரு வரி இருந்தது. மின்சாரம் நின்ற கணத்தில் பேனல் அணைந்து, ஜெனரேட்டர் வந்ததும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. எல்லா டிடெக்டர்களையும் ஒருமுறை சுற்றிக் கண்டுபிடித்து முடிக்க அதற்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த மூன்று நிமிடம் கட்டடத்துக்குத் தீ எச்சரிக்கையே இல்லை. புகை ஆறாவது நிமிடம் வந்ததால் தப்பித்தார்கள்.

பேனலின் பேட்டரிகள் அந்த ஒன்பது விநாடியைக்கூடத் தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், உற்பத்தித் தேதி ஏழு ஆண்டுக்கு முந்தையது. பராமரிப்புத் தாளில் ஒவ்வொரு மாதமும் "27.3 வோல்ட், நலம்" என்று இருந்தது. அது சார்ஜர் கொடுக்கும் வோல்ட்டேஜ். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து மிதவை சார்ஜில், அதாவது எப்போதும் சார்ஜரோடு, வைத்தால் மீட்டர் ஏறக்குறைய அதைத்தான் காட்டும், உள்ளே கொள்ளளவு மிச்சம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சார்ஜரைக் கழற்றி லோடு கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் கொடுத்ததும் வோல்ட்டேஜ் உடனே சரிந்தது.

அவை புதிதாக இருந்திருந்தாலும் போதாது. நாங்கள் அளவுகோலாகக் கொண்டது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் தரவிதிகளை. அவற்றில் தீ எச்சரிக்கைக்கான என்எஃப்பிஏ 72, வெளி மின்சாரம் இல்லாமல் 24 மணி நேரம் காவலில் இருந்துவிட்டு அதன் பிறகும் 5 நிமிடம் எச்சரிக்கை ஒலிக்கும் கொள்ளளவைக் கேட்கிறது. குரல் அறிவிப்பு உள்ள அமைப்பென்றால் 15 நிமிடம். கணக்கிட்ட அளவுக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் இருப்பும் வேண்டும். முதலில் பேனல் காவல் நிலையில் 0.55 ஆம்பியர் எடுத்தது. அதற்கு 18 ஆம்பியர்-மணி பேட்டரி சரியாக இருந்தது. டிடெக்டர்கள் கூடக் கூட அது 0.9 ஆம்பியர் ஆகிவிட்டது. 24 மணிக்கு 21.6, எச்சரிக்கை நேரத்தின் 4.5 ஆம்பியருக்கு 5 நிமிடம் என்றால் இன்னும் 0.4, இருப்பு சேர்த்தால் 26.4. ஆக, பேட்டரி மாற்றும் முறை வந்திருந்தாலும் பழைய அளவிலேயே வாங்கி மாட்டியிருப்பார்கள்.

கணக்கும் சோதனையும்

பம்புக்கு வருவோம். 400 வோல்ட்டில் 110 கிலோவாட் மோட்டார் ஓடும்போது எடுப்பது சுமார் 195 ஆம்பியர். நேரடியாகக் கிளப்பும்போது, சுழற்சி பிடிக்கும் வரை அதன் ஆறு, ஆறரை மடங்கு. இங்கே கிட்டத்தட்ட 1,270 ஆம்பியர், கேவிஏ கணக்கில் 880. வெளி மின்சாரத்தில் இது பெரிய விஷயமே இல்லை. பின்னால் ஒரு பெரிய மின்மாற்றி நிற்கிறது. 500 கேவிஏ ஜெனரேட்டருக்கு அப்படியல்ல. அதன் உள் மின்மறுப்பை (உள்ளேயே கரண்ட்டுக்கு இருக்கும் தடையை) வைத்துக் கணக்கிட்டால் வேறு எந்த லோடும் இல்லாத நிலையிலேயே வோல்ட்டேஜ் 24 சதவீதம் வரை சரியும் என்று வந்தது.

தீயணைப்புப் பம்புகளுக்கான என்எஃப்பிஏ 20 இதற்கு ஓர் எல்லை வைக்கிறது: மோட்டார் கிளம்பும் நேரத்தில் பம்ப் கண்ட்ரோலரின் முனையில் வோல்ட்டேஜ் இயல்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கான்டாக்டர் சுருளுக்கு ஒரு குறைந்தபட்ச வோல்ட்டேஜ் தேவை; அதற்குக் கீழே போனால் பிடி விட்டுவிடும் என்பதால்தான் இந்த எல்லை. விட்டதும் லோடு போய் வோல்ட்டேஜ் மீளும், மீண்டதும் கான்டாக்டர் மறுபடி பிடிக்கும், மறுபடி சரியும். அன்றிரவு நடந்தது இதே சுழல்தான்.

ஓர் இரவு, கட்டடத்தில் ஆளில்லாத நேரத்தில், தீயணைப்புத் துறைக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சோதித்தோம். மற்ற லோடுகளையெல்லாம் கழற்றிவிட்டு ஜெனரேட்டரில் பம்பை மட்டும் கிளப்பியபோது வோல்ட்டேஜ் 22 சதவீதம் சரிந்தது. எல்லையைத் தாண்டியதுதான், ஆனால் பம்ப் கிளம்பிவிட்டது. அடுத்து குளிரூட்டிகள், லிஃப்ட்டுகள், விசிறிகள் ஓடும் நிலையில் கிளப்பினோம். கான்டாக்டர் படபடத்தது, வோல்ட்டேஜ் சரிந்தபோது தடுமாறிய குளிரூட்டிக் கம்ப்ரெஸர்களும் பம்போடு சேர்ந்து ஒரே நேரத்தில் மீண்டும் வேகம் எடுக்க முயன்றன. அடுத்த முயற்சியில் பிரேக்கர் ட்ரிப் ஆனது.

377-ஐ 400-க்குக் கீழே காட்டிய அந்தத் தாள் கேட்காத கேள்வி இதுதான். ஓடும் லோடுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கிளம்பும் லோடைப் பார்க்கவில்லை. பம்ப் கடைசி ஆளாக, ஏற்கெனவே பாரம் ஏறிய ஜெனரேட்டரில் கிளம்ப வேண்டியிருக்கும் என்பது கணக்கில் வரவே இல்லை. தீயில் பம்ப் எப்போதும் கடைசியாகத்தான் வரும்: முதலில் டிடெக்டர், பிறகு விசிறிகள், ஸ்பிரிங்ளர் திறந்த பிறகே பம்ப்.

சோதனையின்போது வேறு சிலவும் கண்ணில் பட்டன. புகைபோக்கியின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்திருந்தது. டீசல் எஞ்சினை லோடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத எரிபொருள் இப்படித் தங்கும். மாதம் ஒரு முறை 30 நிமிடம், குறிப்பிட்ட திறனில் 30 சதவீதமாவது லோடு கொடுத்து ஓட்ட வேண்டும் என்று அவசர ஜெனரேட்டர்களுக்கான என்எஃப்பிஏ 110 சொல்வதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. இந்த ஜெனரேட்டருக்கு அது 120 கிலோவாட். வாரம் பத்து நிமிட வெற்று ஓட்டம் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று கேபிள். பம்புக்கு வெளி மின்சாரம் கொண்டுவரும் கேபிளும் ஜெனரேட்டர் கேபிளும் மேல் நிறுத்தத் தளத்தில் ஒரே ட்ரேயில், வாகனங்களின் தலைக்கு மேலே, எந்தக் காப்பும் இல்லாமல் சென்றன. 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா எரிந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே பிரதான மின்வழியும் மாற்று மின்வழியும் ஒரே அடைப்பில் ஏறியிருந்தன. 22-வது மாடித் தீ இரண்டையும் ஒருசேர அழித்தது. அவசர ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கடைசியில் தீயை நிறுத்தியது 30-வது மாடியில் இருந்த ஸ்பிரிங்ளர்கள். இரண்டு மின்வழி என்று வரைபடத்தில் இருந்தால் போதாது, இரண்டும் ஒரே இடத்தில் எரியக்கூடாது.

இடைக்கால ஏற்பாடு

நிரந்தர வேலைக்குக் காலம் பிடிக்கும். அதுவரை தீயணைப்பு அமைப்பு முழுத் திறனில் இல்லை என்பதைத் தீயணைப்புத் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தோம். வாடகை நிறுவனங்களின் லோடுகளை அன்றே ஜெனரேட்டரிலிருந்து கழற்றச் சொன்னோம். எதிர்ப்பு பலமாக வந்தது. சர்வர் அறை வைத்திருந்தவர்கள் வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். பேனலுக்கு 28 ஆம்பியர்-மணி பேட்டரிகள் மாறின. இரவில் மாடிக்கு மாடி சுற்றும் காவல் ஏற்பாடானது.

எதைத் தேர்ந்தோம், ஏன்

உரிமையாளர் தரப்பின் முதல் விருப்பம் இரண்டு மடங்கு பெரிய ஜெனரேட்டர். பார்க்க எளிய தீர்வு. நாங்கள் மறுத்தோம். இருக்கிற ஜெனரேட்டரும் ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்துக்குப் பெரிதாகத்தான் இருந்தது. இடம் இருப்பது தெரிந்தால் கேட்பவர்கள் வருவார்கள். புதியதும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். கூடவே, லோடே இல்லாத பெரிய எஞ்சினில் கரிப் பிரச்சினை இன்னும் மோசமாகும்.

டீசல் பம்ப் வைப்பது இரண்டாவது யோசனை. தனியாகப் பார்த்தால் அதுவே சிறந்தது. மின்சாரத்தை நம்பாது, இரண்டு பேட்டரித் தொகுதிகளில் மாறி மாறித் தானே ஸ்டார்ட் எடுக்கும். ஆனால் பம்ப் அறை கீழ் அடித்தளத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்று, புகை வெளியேற்றும் குழாய், அறைக்குள் எரிபொருள் எல்லாமே அங்கே சிக்கல். குழாய் ஏறும் வழியில் கட்டமைப்புத் தூண் ஒன்று நின்றதால் கைவிட்டோம்.

தேர்ந்தது, இருப்பதை ஒழுங்குபடுத்தும் வழி. உயிர்காக்கும் லோடுகளுக்குத் தனி பேனல். பம்புக்கென்றே, வெளி மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஒரு தானியங்கி சேஞ்ச்ஓவர், பம்ப் அறையிலேயே. மற்ற லோடுகளில் லிஃப்ட்டுகளும் பொது விளக்குகளும் மட்டும் இன்னொரு சேஞ்ச்ஓவர் வழியாகத் தாமதித்து வரும். பம்ப் கிளம்பும் சமிக்ஞை வந்ததும், மோட்டாருக்கு மின்சாரம் போகும் முன்பே, அவை உதிர்ந்துவிடும். மோட்டாரின் முனைப் பெட்டியில் ஆறு முனைகளும் இருந்ததால் நேரடி ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, மோட்டாரைக் குறைந்த வோல்ட்டேஜில் கிளப்பிப் பிறகு முழு வோல்ட்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டாவுக்கு மாற்றினோம்; மாறும் கணத்தில் மின்சாரம் அறுபடாத வகை அது. கிளம்பும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பம்ப் கண்ட்ரோலரில் அவசரத்துக்குக் கையால் இழுக்கும் ஒரு நெம்பு இருக்கும். அது மின்னணுவையெல்லாம் தாண்டி மோட்டாரை நேரடியாகக் கிளப்பும்; ஸ்டார்-டெல்டாவின் சலுகை அங்கே கிடைக்காது. 15 சதவீத எல்லை அந்த நெம்புக்குப் பொருந்தாது என்றாலும், கடைசி நம்பிக்கையாக ஒருவர் அதை இழுக்கும்போது ஜெனரேட்டர் படுத்துவிடக் கூடாது. அதனால் மற்ற லோடுகளை உதிர்ப்பதைச் சமிக்ஞையோடு மட்டும் விடாமல், நெம்பு இழுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் துணைத் தொடர்பிலும் இணைத்தோம். பிரேக்கரின் குறுகியநேர ட்ரிப் அளவையும் இந்த நேரடிக் கிளம்பலைக் கணக்கில் வைத்தே உயர்த்தினோம்.

எரிபொருள் விஷயத்தில் அதிக விவாதமில்லை. தொட்டியில் 450 லிட்டர். முழு லோடில் ஜெனரேட்டர் மணிக்கு 100 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். பம்புக்கு 8 மணி நேரம் என்பதை இலக்காக வைத்துத் தொட்டியை 990 லிட்டராக்கினோம்.

சோதனை நாள்

வேலை முடிந்ததும் தனித்தனியாகச் சோதிக்க நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பராமரிப்புக்கான தரவிதியான என்எஃப்பிஏ 25, வருடாந்திரச் சோதனையில் கேட்பதையே செய்தோம்: பம்ப் தன் குறிப்பிட்ட ஓட்டத்தின் 150 சதவீதத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வெளி மின்சாரத்தை வெட்டுவது.

முதல் முறை பம்ப் கிளம்பவில்லை. ஜெனரேட்டர் வந்தது, சேஞ்ச்ஓவர் மாறியது, கண்ட்ரோலரில் "ஃபேஸ் மாற்று" என்ற எச்சரிக்கை எரிந்தது. புதிய கேபிளின் ஜெனரேட்டர் முனையில் இரண்டு ஃபேஸ் இடம் மாறி இணைந்திருந்தன. வெளி மின்சாரத்தில் எத்தனை முறை ஓட்டினாலும் இது தெரிய வந்திருக்காது. கண்ட்ரோலர் தடுக்காமல் விட்டிருந்தால் பம்ப் பின்புறமாகச் சுழன்றிருக்கும். மையவிலக்குப் பம்ப் அப்படிச் சுழன்றாலும் கொஞ்சம் அழுத்தம் காட்டும் என்பதால், ஓட்டத்தை அளக்காதவர் சரியாக ஓடுவதாகவே நினைப்பார்.

இணைப்பைத் திருத்தி மறுபடி வெட்டினோம். எட்டாவது விநாடி ஜெனரேட்டர் லோடு ஏற்றது. பம்ப் கிளம்பும்போது வோல்ட்டேஜ் சரிவு 11 சதவீதம். பத்தொன்பதாவது விநாடி முழு அழுத்தம் திரும்பியது. தீ எச்சரிக்கை பேனல் அணையவில்லை. பிறகு நெம்பை இழுத்துப் பார்த்தோம். விளக்குகள் மங்கின, மோட்டார் கிளம்பிவிட்டது.

பின்னர்

சில மாதங்கள் கழித்து ஒரு வேலை நாள் பிற்பகலில் வெளி மின்சாரம் நீண்ட நேரம் நின்றது. பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மூன்று கடிகாரங்களும் இப்போது ஒத்துப்போகின்றன. பேனல் தன் பேட்டரியில் இடைவெளியைத் தாண்டியிருந்தது. பம்புக்கு வேலை வரவில்லை.

சர்வர் அறைக்காரர்கள் மீண்டும் ஜெனரேட்டரில் இடம் கேட்டார்கள். உயிர்காக்கும் பேனலில் எதைச் சேர்த்தாலும் கிளம்பும் கரண்ட் கணக்கும், பம்போடு சேர்ந்த சோதனையும் இல்லாமல் முடியாது என்ற விதி அதற்குள் எழுத்தில் இருந்தது. தங்களுக்கென்று தனி ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் மாற வேண்டியது

பம்புக்கான வெளி மின்சாரம் இன்றும் கட்டடத்தின் பிரதான பிரேக்கருக்குப் பின்னிருந்துதான் வருகிறது. தீ என்றதும் யாராவது ஓடிப்போய் அந்தப் பிரேக்கரை வெட்டுவது வழக்கம். வெட்டினால் பம்ப் தேவையே இல்லாமல் ஜெனரேட்டரை நம்பி நிற்க வேண்டிவரும். பிரேக்கருக்கு முன்பிருந்து தனி இணைப்பு எடுக்க மின் விநியோக நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், விண்ணப்பம் போயிருக்கிறது. அதுவரை பிரேக்கர் கதவில் ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது.

இரண்டு கேபிள்களும் இப்போது வெவ்வேறு பாதையில் செல்கின்றன. ஜெனரேட்டர் கேபிளின் பெரும்பகுதி இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் வகைக்கு மாறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டிச் செல்லும் ஒரு துண்டு மட்டும் பழையபடியே இருக்கிறது. தொட்டியைக் காலி செய்யாமல் அங்கே கை நுழையாது. காலி செய்தால் அந்த நாட்களில் பம்புக்குத் தண்ணீர் இருக்காது. தொட்டியை இரண்டு அறைகளாகப் பிரிக்கும் வேலை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. கேபிளின் அந்தத் துண்டு அதோடுதான் மாறும்.